சம்பளம் ஏறினால் ஈ.எஸ்.ஐ. போய்விடுமா? ஆம்பூர் தொழிலாளியை மிரட்டும் 21,000 ரூபாய் கோடு

சம்பளம் ஏறினா சந்தோஷம்தானே படணும்? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியிலும் டேனரியிலும் 20 ஆயிரத்தைத் தொட்ட ஒருவருக்கு, அடுத்த இன்கிரிமென்ட் ஒரு சிக்கலையும் கூட்டிக்கொண்டுதான் வரும். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் ஈ.எஸ்.ஐ. பாதுகாப்பு போய்விடும். அவருக்கு மட்டுமல்ல, அந்த கார்டை நம்பியிருக்கும் மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கும் சேர்த்துத்தான்.

இந்தக் கோட்டை 30,000 ரூபாய்க்கு நகர்த்த வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. நகர்த்தினால் போதுமா? போதாது. கோடு எங்கே இருக்கிறது என்பதைவிட, கோட்டைத் தாண்டியவரை ஏன் வெளியே அனுப்ப வேண்டும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஈ.எஸ்.ஐ. என்ன தருகிறது?

1948 சட்டத்தின் கீழ், 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய திட்டம் இது. கான்பூரும் தோல் தொழிலுக்குப் பேர்போன ஊர்தான். இன்றைக்கு முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டுகிறார்கள். 2019 ஜூலைக்கு முன் இது 4.75, 1.75 சதவீதமாக இருந்தது. 21,000 ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளி கையிலிருந்து போவது 157.50 ரூபாய். முதலாளி கட்டுவது 682.50 ரூபாய்.

இதற்குக் கிடைப்பது ஆஸ்பத்திரி வைத்தியம் மட்டும் இல்லை. உடம்பு முடியாமல் லீவு போட்டால் 91 நாள் வரை 70 சதவீத சம்பளம். பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். வேலையில் அடிபட்டால் ஊனமுற்றோர் பலன், உயிர் போனால் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம். குரோமியத்தால் வரும் நோய்கள் இந்தச் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. தோலைப் பதனிட குரோமியம் உப்பைப் பயன்படுத்தும் ஒரு வட்டாரத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் இறந்தார்கள். இந்தத் தொழிலின் ஆபத்து மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவரோடு நிற்பதில்லை.

கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும்?

கார்டு அன்றைக்கே செல்லாமல் போய்விடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஜூனில் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் செப்டம்பர் முடிய பணம் பிடிப்பார்கள். அதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அதற்கப்புறம் அந்த கார்டால் பயன் இல்லை.

சரி, அரசு காப்பீட்டுக்குப் போகலாமே? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதத்துக்கு 10,000 ரூபாய். 2018 முதல் ஆயுஷ்மான் பாரத்தும் இதோடு இணைந்துதான் தமிழ்நாட்டில் நடக்கிறது. 70 வயது தாண்டியவர்களுக்கு மட்டும் 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் வருமான வரம்பைத் தூக்கிவிட்டது. ஆக, 21,500 ரூபாய் வாங்கும் சூப்பர்வைசர் ஈ.எஸ்.ஐ.க்குப் பணக்காரர், முதலமைச்சர் காப்பீட்டுக்கும் பணக்காரர். தனியார் காப்பீட்டு ஏஜென்ட் சொல்லும் பிரீமியத்தைக் கேட்டால்தான் அவர் ஏழை.

2021 அக்டோபரில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை இவர்களை 'விடுபட்ட நடுத்தட்டு' என்று அழைத்தது. நாட்டு மக்களில் குறைந்தது 30 சதவீதம், அதாவது சுமார் 40 கோடி பேர், எந்த மருத்துவக் காப்பீடும் இல்லாமல் இருக்கிறார்கள் என்றது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி. எடுக்கப்பட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் லீவு போட்ட நாளுக்குச் சம்பளத்தை மருத்துவ பாலிசி தருவதில்லை.

வரம்பு ஏன் நகரவே மாட்டேங்குது?

1952ல் வரம்பு 400 ரூபாய். 2004ல் 7,500 ஆனது. 2006ல் 10,000. 2010ல் 15,000. 2017 ஜனவரி 1 முதல் 21,000. ஒவ்வொரு முறையும் காத்திருப்பு நீண்டுகொண்டே போவதைக் கவனியுங்கள்: இரண்டு வருஷம், நான்கு வருஷம், ஏறக்குறைய ஏழு வருஷம். 2017க்குப் பிறகு விலைவாசி, சம்பளம் இரண்டும் ஏறியும் கோடு அங்கேயே நின்றது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 'சம்பளம்' என்ற சொல்லுக்கே புது வரையறை கொடுத்திருக்கிறது. கழிக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் சம்பளமாகவே கணக்கில் வரும். ஆனால் உச்சவரம்பு எவ்வளவு என்பதைச் சட்டம் மத்திய அரசின் அறிவிப்புக்கு விட்டுவிட்டது. நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவர வேண்டியதில்லை. ஓர் அறிவிக்கை போதும்.

எதிர்த்தரப்பு வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஏற்றுமதி ஆர்டரை நம்பி நடக்கும் கம்பெனிக்கு 3.25 சதவீதம் கூடுதல் செலவு. 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இந்த வட்டாரம் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. இன்னொரு பக்கம், "ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில க்யூ தாங்க முடியாது, புது ஆட்களையும் சேர்த்தா என்ன ஆகும்?" என்று கேட்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களை நடத்துவது மாநில அரசு. விதி போடுவது மத்திய அரசு. க்யூ நீளமாக இருந்தால் யாரைக் கேட்பது என்பதே குழப்பம்.

வழி இருக்கிறது

ஜப்பானில் ஊழியர் மருத்துவக் காப்பீட்டுக்கும் உச்சவரம்பு உண்டு. ஆனால் அது பிரீமியம் கணக்கிடும் சம்பளத்துக்கான வரம்பு. சம்பளம் எவ்வளவு ஏறினாலும் ஆளை வெளியே அனுப்ப மாட்டார்கள். பிடித்தம் மட்டும் ஓர் இடத்தில் நின்றுவிடும்.

அதையே இங்கே செய்யலாம். 25,000 வாங்குபவரும் உறுப்பினராகத் தொடரட்டும். பங்களிப்பை 21,000க்கு மட்டும் கணக்கிடட்டும். மொத்தம் 840 ரூபாய். கம்பெனிக்கு அவர் 21,000 வாங்கியபோது இருந்த அதே செலவுதான். காப்பீட்டு நிதிக்கோ, இப்போது கைவிட்டுப் போகும் 840 ரூபாய் மாதாமாதம் வந்துகொண்டிருக்கும். புதிதாக ஒரு கூட்டம் க்யூவில் வந்து சேராது. ஏற்கெனவே இருப்பவர்கள் வெளியேறாமல் இருப்பார்கள், அவ்வளவுதான். பலனையும் அதே 21,000க்குக் கணக்கிட்டால் நிதிக்கும் பாதகம் இல்லை.

இந்தத் தவறு அரசுக்குத் தெரியாததும் இல்லை. வரம்பைத் தாண்டியதால் வெளியேறி, பிறகு ஓய்வுபெற்றவர்களில் 30,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கியவர்களுக்கு மருத்துவ வசதி தர 2024 பிப்ரவரியில் ஈ.எஸ்.ஐ. கழகமே முடிவெடுத்தது. ரிட்டையர் ஆன பிறகு உள்ளே அழைக்கலாம் என்றால், வேலையில் இருக்கும்போது ஏன் வெளியே அனுப்ப வேண்டும்?

கோட்டுக்கு ரொம்பக் கீழே இருப்பவர்கள்

இந்த விவாதத்தில் யாரும் பேசாத ஒரு கூட்டமும் இருக்கிறது. ஷூவின் மேல்பகுதியைக் கையால் தைக்கும் வேலை ஆம்பூர் சுற்றுவட்டாரத்தில் வீடுகளுக்குப் போகிறது. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி; செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் யாரும் 21,000 ரூபாய்க்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனாலும் ஈ.எஸ்.ஐ. கிடையாது. புதிய சட்டத் தொகுப்பு வீட்டிலிருந்து வேலை செய்பவர்களை அமைப்புசாராத் தொழிலாளர் கணக்கில் வைக்கிறது. அதே ஷூவுக்கு கம்பெனிக்குள் சோல் ஒட்டுபவருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, வீட்டில் உட்கார்ந்து தைத்தவருக்கு இல்லை.

30,000 என்ற அறிவிப்பு நாளைக்கே வந்தாலும் வரவேற்கலாம். ஆனால் வரம்பை விலைவாசியோடு தானாக ஏறும்படி கட்டிவிடாவிட்டால், சில வருஷத்தில் இதே பேச்சு மறுபடி வரும். உள்ளே இருப்பவரை வெளியேற்றாத விதியும், வீட்டில் தைப்பவருக்கு ஒரு கார்டும் வந்தால்தான் அதைச் சீர்திருத்தம் என்று சொல்ல முடியும்.