விளங்க வைத்தல்

சென்ற வாரம் வெள்ளவத்தையிலுள்ள முதியவர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். கொட்டாஞ்சேனையில் நெடுங்காலம் வாழ்ந்து, இப்பொழுது மகள் வீட்டில் தங்கியிருப்பவர். நாற்பது ஆண்டுகள் தமிழ்த் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து, ஊராருடைய மனுக்களையும் கடிதங்களையும் அடித்துக் கொடுத்தே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். நாம் சென்றபோது, பேரன் வாங்கிக் கொடுத்த கணினியின் முன் முகம் வாடி அமர்ந்திருந்தார்.

"தம்பி, எனக்கு வயது போய்விட்டது. விரல்களெல்லாம் மறந்துவிட்டன. இதை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லப் போகிறேன்" என்றார்.

அருகில் அமர்ந்து பார்த்தோம். தகரத்தை நாடி அவர் விரல் விழுந்த இடத்தில் திரையிலே பகரம் தோன்றியது. விரல் மறக்கவில்லை, விசைப்பலகைதான் வேறாக இருந்தது. அமைப்புப் பக்கத்தைத் திறந்தோம். 'தமிழ் 99', 'ரெங்கநாதன்', 'அஞ்சல்' என மூன்று தெரிவுகள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரே விளக்கம்: "இத்தெரிவை இயலுமைப்படுத்தினால் இவ்விசைப்பலகை இயலுமைப்படுத்தப்படும்."

இதைப் படித்தவர் எதைத் தெரிந்துகொண்டார்? ஒன்றுமில்லை. பெயரைச் சுற்றி வளைத்து மீண்டும் பெயரையே சொல்லியிருக்கிறார்கள். பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினை எண்ணிக் காட்டினார். கூறியது கூறல், குன்றக் கூறல், மயங்க வைத்தல் ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்கும். இந்த ஒரு வரியில் மூன்றும் ஒருங்கே குடியிருக்கின்றன!

உண்மையில் மூன்று தெரிவுகளுக்கும் இடையே பெரிய வேற்றுமை உண்டு. தமிழ் 99 என்பது 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. உயிரெழுத்துக்கள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துக்கள் வலக்கைப் பக்கமும் அமைந்திருக்கும். ரெங்கநாதன் அமைப்பு நம் நாட்டில் வழங்குவது. பழைய தட்டச்சுப் பொறியைப் பெரும்பாலும் ஒட்டியது. அஞ்சல் முறையிலோ, ஆங்கில எழுத்து விசைகளை ஒலிக்கு ஏற்ப அழுத்தித் தமிழை எழுதலாம்.

ஆகவே, ரெங்கநாதன் என்ற தெரிவின் கீழ் இவ்வாறு எழுதியிருக்கலாம் அல்லவா? "தட்டச்சுப் பொறியில் பழகியவர்களுக்கு ஏற்றது. விசைகள் பெரும்பாலும் அப்பொறியில் உள்ள இடங்களிலேயே இருக்கும். விரும்பாவிட்டால் இதே பக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம். முன்பு எழுதியவை மாறமாட்டா." யாருக்கு ஏற்றது, எது மாறும், திரும்பும் வழி எது என்னும் மூன்று ஐயங்களும் இதனால் தீர்ந்துவிடுகின்றன.

எடுத்துக்காட்டின் பெருமையையும் இங்கே சொல்லவேண்டும். தமிழ் 99 முறையில் தானாகப் புள்ளி இடும் வசதி ஒன்று உண்டு. "தன்னியக்கப் புள்ளியை இயலுமைப்படுத்துக" என்று மட்டும் எழுதினால் யாருக்கு விளங்கும்? "மகரத்தை இருமுறை அழுத்தினால் முதல் மகரம் தானே புள்ளி பெற்று 'ம்ம' என வரும். 'மமதை' என்று எழுதவேண்டின், இரண்டு மகரங்களுக்கும் இடையே அகர விசையை அழுத்துக" என்று எழுதினால் சிறுபிள்ளைக்கும் விளங்கும். சுருங்கச் சொல்லலையும் விளங்க வைத்தலையும் நூலுக்கு அழகு என்ற பவணந்தியார், விளக்கமான உதாரணம் உடைமையையும் அவ்வழகுகளுள் ஒன்றாகவே வைத்தார்.

இது சிறிய காரியம் என்று எண்ணற்க. விளக்கம் பிழைத்தால், படிப்பவர் எழுதியவரைக் குறை கூறுவதில்லை, தம்மையே நொந்துகொள்கிறார். 'எனக்கு அறிவு போதாது, வயது போய்விட்டது' என்று ஒதுங்கிவிடுகிறார். ஒரு வரியைச் சரியாக எழுதாத குறையால், நாற்பது ஆண்டுத் தேர்ச்சி ஒரு மூலையில் முடங்கவிருந்ததே!

கணினித் துறையிற் பயிலும் எம் மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். நீங்கள் ஆக்கும் மென்பொருளில் ஒரு தெரிவை வைக்கும்போது, அதன் விளக்கத்தை முதலில் உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் படித்துக் காட்டுங்கள். கேட்டபின் அவர் எதைத் தெரிவு செய்வார் என்று கவனியுங்கள். அவர் தயங்கினால் திருத்தவேண்டியது அவரையன்று, உங்கள் வாக்கியத்தை.

ரெங்கநாதன் அமைப்பை மாற்றி வைத்துவிட்டு நாம் விலகி நின்றோம். முதியவர் ஐயத்துடன் ஒரு விசையைத் தொட்டார், பிறகு இன்னொன்று. சிறிது நேரத்தில் அறையெங்கும் விசைகளின் ஓசை மழைபோல் கேட்டது. யாழ்ப்பாணத்திலுள்ள தமக்கைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். நாம் விடைபெற்றதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.