ஒரே சீட்டு, மூன்று தேர்தல்: வட கரோலினாவின் 734 ஓட்டு

2024 நவம்பர் 5. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஓட்டுப் போடப் போனவர் கையில் கிடைத்தது ஒரு வாக்குச்சீட்டு. பரீட்சையில் கொடுக்கும் ஓ.எம்.ஆர். தாள் மாதிரி, பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் முட்டை வடிவக் கட்டத்தைப் பேனாவால் நிரப்ப வேண்டும். ஒன்றிரண்டு கட்டம் அல்ல... வரிசை வரிசையாக!

மேலே அதிபர். பிறகு வாஷிங்டனில் உள்ள பிரதிநிதிகள் சபை உறுப்பினர். இது மத்தியத் தேர்தல். அதற்குக் கீழே ஆளுநர். (நம் ஊர் ஆளுநரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஆளுநர் என்றால் ஏறக்குறைய முதல்வர் மாதிரி. மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது.) ஆளுநரோடு சேர்த்துத் துணை ஆளுநர், அரசுத் தலைமை வழக்கறிஞர், கணக்குத் தணிக்கையாளர், விவசாய ஆணையர் என்று பத்துப் பதவிகள். கூடவே மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகள். இது மாநிலத் தேர்தல். பட்டியலில் இன்னும் கீழே வந்தால் நீதிபதிகள். மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒருவர், மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு மூவர், அப்புறம் உள்ளூர் நீதிபதிகள். இது நீதித்துறைத் தேர்தல்.

மேலே இருக்கும் கட்டத்துக்குத்தான் தொலைக்காட்சி, விளம்பரம், சண்டை எல்லாம். கீழே இருக்கும் நீதிபதி பெயரைப் பலர் வாக்குச்சாவடியில்தான் முதல்முறையாகப் பார்க்கிறார்கள். ஆனால் உண்மையில் மேலே இருப்பவர்களின் தலையெழுத்தை எழுதுவது அந்தக் கீழ்க் கட்டம்தான். அதைக் கட்சிச் சின்னத்தோடு நடத்துவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த ஒரு மாநிலமே போதும்.

முதலில் வாக்காளர்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை. இந்த மாநிலத்துக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே கட்சிக்குக் குத்துகிறவர்கள் அல்ல. அதே நாளில், அதே சீட்டில், அதிபர் கட்டத்தில் குடியரசுக் கட்சியின் டிரம்ப் சுமார் 3 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆளுநர் கட்டத்தில் ஜனநாயகக் கட்சியின் ஜாஷ் ஸ்டைன் கிட்டத்தட்ட 15 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். பத்து மாநிலப் பதவிகளில் இரண்டு கட்சிக்கும் ஆளுக்கு ஐந்து! ஆளைப் பார்த்து, வேலையைப் பார்த்துப் போட்ட ஓட்டு என்றுதான் இதற்கு அர்த்தம்.

உச்ச நீதிமன்றக் கட்டத்தில் என்ன ஆயிற்று? ஜனநாயகக் கட்சியின் அலிசன் ரிக்ஸ், குடியரசுக் கட்சியின் ஜெஃபர்சன் கிரிஃபின். ரிக்ஸ் ஏற்கெனவே அந்த நீதிமன்றத்தில் இருப்பவர். கிரிஃபின் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி. தேர்தல் இரவில் கிரிஃபின் முன்னிலை. தபால் ஓட்டும் மிச்ச ஓட்டும் எண்ணி முடித்தபோது ரிக்ஸ் முன்னால் வந்துவிட்டார். வித்தியாசம் 734. பதிவான ஓட்டு சுமார் 55 லட்சம்! மறு எண்ணிக்கையிலும் முடிவு மாறவில்லை.

அதற்குப் பிறகுதான் கூத்து. 65,000-க்கும் மேற்பட்ட ஓட்டுகளைத் தள்ளிவிட வேண்டும் என்று கிரிஃபின் கேட்டார். இதில் பெரும்பாலானவர்கள் மீது இருந்த குறை, வாக்காளர் பதிவேட்டில் அவர்களுடைய ஓட்டுநர் உரிம எண்ணோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கமோ இல்லை என்பது. அது பதிவேட்டின் குறை. அவர்கள் செய்த மோசடி அல்ல. இன்னும் சில ஆயிரம் பேர் வெளிநாட்டில் இருந்து ஓட்டுப் போட்ட ராணுவத்தினரும் குடிமக்களும். அவர்கள் புகைப்பட அடையாள அட்டை நகல் அனுப்பவில்லை என்பது புகார். ஆனால் அனுப்பத் தேவையில்லை என்று தேர்தல் வாரியத்தின் விதியே தேர்தலுக்கு முன்பே சொல்லியிருந்தது. இந்தப் பட்டியலில் ரிக்ஸின் பெற்றோர் பெயரும் இருந்தது என்பது தனிக்கதை.

இங்கே ஒரு கேள்வி. அந்த 65,000 பேரும் அதே தாளில்தான் டிரம்புக்கும் ஹாரிஸுக்கும் ஸ்டைனுக்கும் ஓட்டுப் போட்டார்கள். அதிபர் கட்டத்தில் அவர்கள் போட்ட ஓட்டு செல்லாது என்று யாராவது சொன்னார்களா? இல்லை. ஒரே ஆள், ஒரே தாள், ஒரே பேனா. மேல் கட்டத்தில் தகுதியுள்ள வாக்காளர், கீழ் கட்டத்துக்கு வந்ததும் தகுதி இல்லாதவர் ஆகிவிடுவாரா?

வழக்கு எங்கே போனது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு கட்டத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அதாவது கிரிஃபின் வேலை பார்க்கும் அதே நீதிமன்றம். அவர் விலகிக்கொண்டார்; தீர்ப்புச் சொன்னவர்கள் அவருடைய சக நீதிபதிகள். 2025 ஏப்ரல் 4 அன்று 2-க்கு 1 என்ற கணக்கில், இந்த வாக்காளர்கள் 15 வேலை நாட்களுக்குள் தங்கள் விவரத்தைச் சரிசெய்யாவிட்டால் ஓட்டு போய்விடும் என்று தீர்ப்பு. பிறகு மாநில உச்ச நீதிமன்றம், அதாவது ரிக்ஸ் வேலை பார்க்கும் நீதிமன்றம். அவரும் விலகிக்கொண்டார். பதிவேட்டுக் குறை உள்ள பெரும்பான்மை ஓட்டுகளை அது காப்பாற்றியது. ஆனால் வெளிநாட்டு ஓட்டுகளுக்கு 30 நாள் கெடு வைத்தது. தேர்தல் முடிந்து ஐந்து மாதம் கழித்து, விதியை மாற்றி, ஓட்டுப் போட்டவர்களிடமே நிரூபிக்கச் சொன்னார்கள். பந்தயம் ஓடி முடித்த பிறகு எல்லைக்கோட்டை நகர்த்துவது மாதிரி.

கடைசியில் இதை நிறுத்தியது யார்? மத்திய நீதிமன்ற நீதிபதி ரிச்சர்ட் மையர்ஸ். 2019-ல் அவரை நியமித்தவர் டிரம்ப்! தேர்தலுக்குப் பின் விதியை மாற்றுவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று மே 5 அன்று தீர்ப்பளித்தார். மே 7 அன்று கிரிஃபின் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஒரு நாள் தேர்தலுக்கு ஆறு மாதம்.

மத்திய நீதிபதிகள் நியமிக்கப்படுகிறவர்கள், பதவி ஆயுள் முழுவதும். மையர்ஸ் எந்தக் கட்சிக்காரர் மனம் நோகத் தீர்ப்புச் சொன்னாலும் அடுத்த தேர்தலில் சீட்டுக் கிடைக்காது என்ற பயம் இல்லை. மாநில நீதிபதிக்கு எட்டு வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பயம் உண்டு. நியாயமாகச் சொன்னால், மாநில நீதிபதிகளிலும் துணிந்தவர்கள் உண்டு. 2025 ஜனவரியில் ரிக்ஸின் வெற்றியை அறிவிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை போட்டபோது, குடியரசுக் கட்சி நீதிபதி ரிச்சர்ட் டீட்ஸ் அதை எதிர்த்து எழுதினார். ஆனால் ஒரு மாநிலத்தின் நியாயம் தனிமனிதத் துணிச்சலை நம்பி இருக்கலாமா?

ஒரு நீதிபதி நாற்காலிக்கா இவ்வளவு சண்டை என்று தோன்றும். அந்த நாற்காலியின் மதிப்புத் தெரிய இந்த எண்களைப் பாருங்கள். வட கரோலினாவில் இருந்து வாஷிங்டன் போன பிரதிநிதிகள்:

2016: குடியரசுக் கட்சி 10, ஜனநாயகக் கட்சி 3
2020: 8, 5
2022: 7, 7 (மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஓர் இடம் கூடியது)
2024: 10, 4

மக்கள் மனம் இப்படியா ஊஞ்சல் ஆடியது? இல்லவே இல்லை. 2016, 2020, 2024 மூன்று அதிபர் தேர்தலிலும் டிரம்ப் அங்கே ஜெயித்தது 1 முதல் 4 சதவீதத்துக்குள். மாறியது மனம் அல்ல, தொகுதிக் கோடு. கோட்டை வரைவது மாநிலச் சட்டமன்றம். கட்சி லாபத்துக்காகக் கோடு வளைப்பதில் மத்திய நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019-ல் கையைக் கழுவிவிட்டது. ஆக, தடுக்கக்கூடியது மாநில நீதிமன்றம் மட்டுமே.

2022 பிப்ரவரியில் வட கரோலினா உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்று, கட்சி லாபத்துக்கான கோடு செல்லாது என்றது. அந்த நால்வரும் ஜனநாயகக் கட்சி. அந்த ஆண்டுத் தேர்தலுக்கு நீதிமன்றம் ஏற்ற வரைபடத்தில்தான் 7-7 வந்தது. அதே 2022 நவம்பரில் இரண்டு நீதிபதி இடங்கள் குடியரசுக் கட்சிக்குப் போயின. நீதிமன்றம் 5-2 ஆயிற்று. புதிய நீதிமன்றம் அதே வழக்கைத் திரும்ப எடுத்து, 2023 ஏப்ரல் 28 அன்று, கோடு வரைவது எங்கள் வேலை இல்லை என்று பழைய தீர்ப்பையே தூக்கிப் போட்டது. சட்டம் மாறியதா? இல்லை. அரசியல் சாசனம் மாறியதா? அதுவும் இல்லை. நீதிபதிகள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த கட்சிப் பெயர் மாறியது, அவ்வளவுதான்.

உடனே புதுக்கோடு. 2024-ல் ஜனநாயகக் கட்சி மூன்று இடங்களை இழந்தது. வாஷிங்டனில் அந்தத் தேர்தல் முடிவு 220-க்கு 215. அந்த மூன்றை மட்டும் இந்தப் பக்கம் நகர்த்திக் கூட்டிப் பாருங்கள்: 217-க்கு 218! ஒரு மாநிலத்தின் நீதிபதித் தேர்தல், நாட்டின் சபையில் யாருக்குப் பெரும்பான்மை என்பது வரை போய்த் தொடுகிறது. 2025 அக்டோபரில் சட்டமன்றம் மறுபடியும் கோட்டை மாற்றியது, பதினோராவது இடத்தைக் குறிவைத்து.

மாநிலத் தேர்தலும் இப்படித்தான். ஸ்டைன் ஆளுநராக ஜெயித்த கையோடு, 2024 டிசம்பரில் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. தேர்தல் வாரியத்தை நியமிக்கும் அதிகாரம் ஆளுநரிடம் இருந்து கணக்குத் தணிக்கையாளருக்குப் போயிற்று. அந்தப் பதவியில் ஜெயித்தவர் குடியரசுக் கட்சிக்காரர் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கீழ் நீதிமன்றம் செல்லாது என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. 2025 மே மாதம் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தேர்தலை நடத்துபவர் யார் என்பதை முடிவு செய்வது, தேர்தலில் ஜெயித்து வந்த நீதிபதிகள். வட்டம் முழுசாகிவிட்டதா?

நீதிபதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில் என்ன தப்பு, நியமனத்தில் மட்டும் அரசியல் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அமெரிக்க உச்ச நீதிமன்ற நியமனங்களில் நடக்கும் குத்து வெட்டு உலகத்துக்கே தெரியும். ஆனால் வட கரோலினாவே ஒருமுறை நடுவழி ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. 2002-ல் வந்த சட்டப்படி, 2004 முதல் மேல்நிலை நீதிபதித் தேர்தலில் சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. செலவுக்கு வரம்பு ஏற்கும் வேட்பாளருக்குப் பொதுப்பணத்தில் இருந்து உதவி. 2013-ல் அந்த உதவியை நிறுத்தினார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றத் தேர்தலுக்குக் கட்சிப் பெயரும் திரும்ப வந்தது. அதாவது மருந்து இல்லாமல் இல்லை. கையில் இருந்த மருந்தைக் கொட்டிவிட்டார்கள்.

கட்சிப் பெயர் இருந்தால் வாக்காளருக்கு வசதி என்கிறார்கள். வசதிதான். ஆனால் அந்த வசதி நீதிபதியை என்ன ஆக்குகிறது? கிரிக்கெட்டில் நடுவரையும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம், தப்பில்லை. ஆனால் ஒரு அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் மைதானத்துக்கு வந்தால், சரியாக எல்.பி.டபிள்யூ. கொடுத்தாலும் எவன் நம்புவான்?

செய்ய வேண்டியது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. நீதிபதி பெயருக்குப் பக்கத்தில் கட்சிப் பெயர் வேண்டாம். திரும்பப் போட்டியிட முடியாத ஒரே ஒரு நீண்ட பதவிக்காலம், அடுத்த தேர்தல் பயம் இருக்காது. நிறுத்திய பொதுப்பண உதவியைத் திரும்பக் கொண்டு வரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுப் பதிவு தொடங்கிய பிறகு எந்த நீதிமன்றமும் அந்தத் தேர்தலுக்கான விதியை மாற்றக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும். கட்சிப் பெயரை எடுத்துவிட்டால் மட்டும் நீதிபதிகள் எல்லாம் துறவிகள் ஆகிவிடமாட்டார்கள். ஆனால் கட்சிக்கு நன்றிக்கடன் தீர்க்க வேண்டிய கட்டாயமாவது குறையும்.

734 ஓட்டு என்பது ஒரு கல்லூரியின் சில வகுப்புகளை நிரப்பும் கூட்டம். அவர்கள் அன்றைக்கு மழை என்றோ, நீதிபதி பெயர் எதற்கு என்றோ அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் கதை வேறு. 2020-ல் இதே மாநிலத்தின் தலைமை நீதிபதியைத் தீர்மானித்த வித்தியாசம் இன்னும் குறைவு, 401 ஓட்டு.

எனவே பட்டியலில் மேலே இருக்கும் கட்டத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது கீழே இருக்கும் கட்டத்துக்குக் கொடுக்க வேண்டும். மேலே போட்ட ஓட்டு செல்லுமா செல்லாதா என்று நாளைக்குச் சொல்லப் போவது அந்தக் கீழ்க் கட்டத்தில் ஜெயித்தவர்தான்.