எழாத கணிப்பொறி இறந்துவிட்டதா?

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

எங்கள் உவரிக் கடற்கரையில் விடியற்காலையில் ஃபைபர் படகின் எஞ்சின் கிளம்பாவிட்டால் அதை யாரும் தூக்கி எறிந்துவிடுவதில்லை. எண்ணெய் வருகிறதா, பிளக்கில் பொறி தட்டுகிறதா, உப்பு ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தை அதிகம் பாராதவர்கள் அவர்கள். கல்லூரிப் படியேறிய நாம் என்ன செய்கிறோம்? கையிலுள்ள டேப்லட் கணிப்பொறி ஒருநாள் எழவில்லையென்றால் முகம் வாடிக் கடைக்கு ஓடுகிறோம். கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்து, “போர்டு போயிட்டு தம்பி” என்று தீர்ப்புச் சொல்கிறார். மேல்முறையீடு கிடையாது!

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த என் போன்றோருக்கு அந்தத் தீர்ப்பு இலேசானதன்று. உதவித்தொகை விண்ணப்பம், செய்முறைக் குறிப்புகள், கட்டண ரசீது யாவும் அந்த ஒரே பொறிக்குள் இருக்கின்றன. கடலில் பாடு இல்லாத வாரத்தில் அப்பாவிடம் புதியது வேண்டுமென்று எந்த முகத்தோடு கேட்பது?

சென்ற பருவத்தில் என்னுடைய பழைய டேப்லட் இப்படித்தான் படுத்துவிட்டது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் மலிவாக வந்த வகை; உள்ளே இன்டெல் ஆட்டம் இசட்3735எஃப் சில்லு. நண்பர் செய்து தந்த மீட்புப் பென்டிரைவைச் செருகியும் அது ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அதே பென்டிரைவ் கல்லூரி ஆய்வகக் கணிப்பொறியில் உடனே எழுந்தது. அப்படியானால் குற்றம் எங்கே?

பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அன்று. போர்டிலேயே பதிந்துள்ள யூஇஎஃப்ஐ என்னும் சிறு நிரல். அது பென்டிரைவில் குறிப்பிட்ட பெயருள்ள ஒரு கோப்பைத் தேடும். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் எழுதப்பட்டிருக்க வேண்டும்; என்டிஎஃப்எஸ் முறையென்றால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக்கோப்பு ஃபேட்32இல் அடங்காது என்பதால், பென்டிரைவ் தயாரிக்கும் சில மென்பொருள்கள் என்டிஎஃப்எஸ் முறைக்குத் தாவிவிடுகின்றன. இந்தப் பள்ளத்தில் நாங்கள் விழவில்லை. எங்களை மடக்கியது அதைவிட வேடிக்கையானது. என் டேப்லட்டின் செயலி 64 பிட். அதை எழுப்பும் யூஇஎஃப்ஐயோ 32 பிட்! அது தேடுவது ‘பூட்ஐஏ32’ என்ற கோப்பை. பென்டிரைவில் இருந்தது ‘பூட்எக்ஸ்64’. பூட்டு ஒன்று, சாவி வேறு.

32 பிட் விண்டோஸைக் கொண்டு வேறொரு பென்டிரைவ் செய்தோம். சார்ஜுக்கும் பென்டிரைவுக்கும் ஒரே துளைதான் என்பதால் முதலில் மின்கலத்தை நிறைத்து, பிறகு ஓடிஜி வடமும் ஹப்பும் விசைப்பலகையும் பூட்டினோம். (அந்தக் கோலத்தைப் பார்த்த என் அம்மா, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவது போலிருக்கிறது என்றார்.) திரை எழுந்தது. கோப்புகளை வேறு பென்டிரைவில் நகலெடுத்த பின்னரே ‘ரீசெட்’ பக்கம் போனோம். அவசரப்பட்டுத் தொட்டிருந்தால் உள்ளதெல்லாம் அழிந்திருக்கும்.

எல்லாப் பொறியும் பிழைக்கும் என்று நான் வாதாடவில்லை. உள்சேமிப்புச் சில்லே கெட்டுவிட்டால் கடைதான் கதி. ஆனால் 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பொறிகள் எத்தனையோ வீடுகளில் பரணில் கிடக்கின்றன. அவற்றுள் உண்மையில் இறந்தவை எத்தனை, யாரும் எழுப்பிப் பாராதவை எத்தனை?

பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். கணிப்பொறி அறிவியல் நண்பர்கள் ‘பூட்டிங்’ என்றால் என்ன என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு அழகாக எழுதுகிறார்கள். எழாத பொறி ஒன்றை அவர்கள்முன் வைத்து, எழுப்பிக் காட்டு என்று நாம் எப்போதாவது சொன்னதுண்டா? ஆய்வகத்தில் வாரம் ஒரு மாலை இதற்கென ஒதுக்கலாம். 32 பிட்டுக்கு ஒன்று, 64 பிட்டுக்கு ஒன்று என இரண்டு மீட்புப் பென்டிரைவ்களை நூலகத்தில் அகராதியைப் போல் கேட்டு வாங்கும்படி வைக்கலாம். கூடவே, எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்று தமிழில் ஒரு பக்கக் குறிப்பும் வேண்டும். அந்தப் பக்கத்தை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.