வீட்டில் யாருக்கு உத்தியோகம்?

வேலையை விட்டுவிட்டேன், இனி எழுத்துதான் பிழைப்பு என்று சென்னையில் சொன்னால் கை குலுக்குவார்கள். சித்தூரில் சொன்னால், "வீட்ல மேடத்துக்கு கவர்மென்ட் ஜாபா சார்?" என்று கேட்பார்கள். பால்காரர் கேட்டார். வீட்டுக்காரர் அட்வான்ஸ் பணத்தை எண்ணிக்கொண்டே கேட்டார். மாமனாரின் சிநேகிதர் ஒருவர் ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டுக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். முதலில் சுருக்கென்றது. இப்போது யோசித்தால், இந்த விஷயத்தில் கேட்கவேண்டிய முதல் கேள்வியைத்தான் அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

ஆமாம், மேடத்துக்கு கவர்மென்ட் ஜாப். டி.எஸ்.சி. ஆசிரியர் தேர்வில் தேறி, உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறாள். அந்தச் சம்பளம் இருந்த தைரியத்தில்தான் ஓ.எம்.ஆர். கம்பெனிக்கு நான் ராஜினாமா அனுப்பினேன். இதை மறைத்துவிட்டுக் கனவு, துணிச்சல் என்று எழுதினால் பொய்க்கணக்கு எழுதியதாகும். வேலையை விட்டு எழுத வந்தவர்களின் பேட்டிகள் இப்போது நிறைய வருகின்றன. விடியற்காலை எழுந்ததைச் சொல்கிறார்கள், குடித்த காபியைச் சொல்கிறார்கள். வாடகையை யார் கொடுத்தார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை.

தமிழில் இந்தப் பேச்சு வந்தால் அசோகமித்திரன் பெயர் வராமல் போகாது. ஜெமினி ஸ்டூடியோ வேலையை 1966இல் விட்டு முழுநேர எழுத்துக்கு வந்தவர். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்து, இருபது வயதுக்கு மேல் சென்னைக்குக் குடிபெயர்ந்தவர். (நான் சென்னையிலிருந்து ஆந்திரத்துக்கு வந்தேன். எங்கள் இருவருக்கும் உள்ள ஒப்புமை இந்தக் குடிபெயர்வின் அளவுக்குத்தான்.) ஜெமினியில் அவருக்குக் கொடுத்திருந்த வேலை, செய்தித்தாள்களிலிருந்து துணுக்குகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது. நாளெல்லாம் பேப்பரைக் கிழித்துக்கொண்டிருந்ததால், இந்த ஆளுக்கு வேலையே இல்லை என்று முடிவுகட்டி யார் வேண்டுமானாலும் அவர் அறைக்குள் நுழைந்து பேசிவிட்டுப் போவார்களாம். ஜெமினி நாட்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பகுதி சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தான். "அங்கிள், ஆபீஸ்ல இருக்கும்போது வேலை இல்லாதவர்னு நெனச்சாங்க. வெளிய வந்தப்புறம் என்ன நெனச்சாங்க?" பரீட்சையில் வராத கேள்வி. சரியான கேள்வி.

வெளியே வந்தபின் அவர் எழுதிய 'கரைந்த நிழல்கள்' நாவல் முழுக்க சினிமா உலகத்தின் பின்கட்டு. படப்பிடிப்புக்கு வண்டி ஏற்பாடு செய்கிறவர்கள், சாப்பாடு வந்துசேராத நாட்கள், பாதியில் நின்றுபோகும் படங்கள். ஸ்டூடியோவில் சம்பளம் வாங்கிய வருடங்கள் இல்லாமல் அந்த நாவல் கிடையாது. 'தண்ணீர்', '18வது அட்சக்கோடு' எல்லாம் பிறகு வந்தன. சாகித்திய அகாதெமி விருது 1996இல், வேலையை விட்ட முப்பதாவது வருடத்தில் வந்தது. அதற்கு நடுவில் கணையாழியில் ஆசிரியப் பணி, ஆங்கிலத்தில் கட்டுரைகள், மதிப்புரைகள் என்று ஓயாத உழைப்பு. முழுநேர எழுத்தாளரின் நேரத்தில் பெரும்பகுதி, அவர் பெயரைச் சொன்னதும் நாம் நினைத்துக்கொள்ளாத எழுத்துக்குத்தான் போகிறது.

வேலை எழுத்தைக் கெடுக்கிறது என்பது வேலையில் இருப்பவர்களின் நம்பிக்கை. நானும் நம்பினேன். ஆனால் தமிழ்ப் புனைகதையின் பெரிய பெயர்களை எடுத்துப் பாருங்கள். தி. ஜானகிராமன் அகில இந்திய வானொலியில் இருந்தார். லா.ச.ரா. வங்கியில். சுஜாதா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் ஓய்வுபெறும்வரை இருந்துகொண்டே, முழுநேரக்காரர்கள் மூன்று பேர் எழுதுகிற அளவு எழுதித் தள்ளினார். நாஞ்சில் நாடன் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்தார், அந்த அலைச்சல் அத்தனையும் கதைக்குள் வந்தது. எழுத நேரமில்லை என்று இவர்கள் யாரும் ராஜினாமா செய்யவில்லை. ஆகவே எழுதுவதற்காக வேலையை விடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் நான் சற்றுச் சந்தேகப்படுகிறேன். எழுத்தைத் தொழிலாகச் செய்யப்போகிறேன் என்று சொன்னால் சரி. அது வேறு சமாச்சாரம்.

சித்தூரில் எச்சரிக்கைக்கு இன்னொருவர் இருக்கிறார். சித்தூர் வி. நாகையா. பிறந்தது குண்டூர்ப் பக்கம் என்றாலும் பெயரோடு ஒட்டியது எங்கள் ஊர். சினிமாவுக்கு முன் அவர் குமாஸ்தாவாக இருந்தார், பத்திரிகையில் வேலை பார்த்தார். 'அசோக் குமார்', 'மீரா' பார்த்த தலைமுறைக்கு அவரைத் தெரியும். லட்சங்களில் சம்பாதித்து, கேட்டவர்க்கெல்லாம் கொடுத்து, 1973இல் கையில் ஒன்றுமில்லாமல் போய்ச்சேர்ந்தார். பனகல் பூங்காவில் சிலை இருக்கிறது. என் மாமனார் அவரைப் பெருமைக்கும் சொல்வார், எனக்குப் புத்தி சொல்லவும் சொல்வார். "நாகையாவே கடைசில என்ன ஆனாரு பாத்தீங்களா மாப்பிள்ளை? கலை வேற, கணக்கு வேற."

சரி, என் தொழில் என்ன? கதை எழுதுகிறேன்தான், ஆனால் அது தொழில் அல்ல. 300 ரூபாய் விலையுள்ள புத்தகம் 500 பிரதி விற்றால், பத்து சதவீத ராயல்டி பதினைந்தாயிரம் ரூபாய். 500 விற்றால் பதிப்பாளர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வார். அதையும் புத்தகக் கண்காட்சி முடிந்து கணக்குப் பார்த்துத்தான் தருவார். சோறு போடுவது மூன்று மொழி. தெலுங்கிலிருந்து தமிழுக்கு, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு. மாங்கூழ் ஆலைகளுக்கு விளம்பரத் தாள், நகைக்கடைக்கு அறிவிப்பு, கல்லூரிக்குக் கையேடு. முக்கியமாகத் திருப்பதி காந்தி ரோடு அச்சகக்காரர் ஒருவருக்கு ஸ்தல புராணப் புத்தகங்கள். கோவிந்தராஜ சுவாமி கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் கயிறுகளுக்கும் குங்குமத்துக்கும் நடுவே தொங்குமே, மெல்லிய அட்டை போட்ட சிறு புத்தகம், அதுதான். ஆசிரியர் பெயர் இருக்காது.

அதற்கு ஒரு சீசன் உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் தமிழ்நாட்டுக் கூட்டம் மலையேறும். பிரம்மோற்சவத்துக்குச் சென்னையிலிருந்து திருக்குடைகள் வரும். அதற்குள் தமிழ்ப் புத்தகம் கடைக்குப் போய்விட வேண்டும் என்பதால் ஆடியிலும் ஆவணியிலும் அச்சகக்காரர் தினம் இரண்டு தடவை போன் செய்வார். ஐப்பசியில் நான் போன் செய்வேன். "கூட்டம் ஜாஸ்தி சார், கடைக்காரங்க இன்னும் செட்டில் பண்ணலை. தீபாவளி போகட்டும்." டீ மட்டும் உடனே வரும்.

சட்டம் என் பக்கம்தான். 2006ஆம் வருடத்து எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, உத்யம் பதிவு பெற்ற சிறு தொழில்காரருக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தராவிட்டால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதை அவரிடம் சொன்னால் அடுத்த ஆடியில் போன் வராது. அவ்வளவுதான் சட்டம்.

ஆடிட்டர் சொன்னது இன்னும் வேடிக்கை. தொழில்முறையாளர்கள் கணக்கை எளிதாக முடிக்க வருமான வரியில் ஒரு வசதி இருக்கிறது. வரவில் பாதியை லாபம் என்று காட்டினால் போதும். ஆனால் எந்தத் தொழிலுக்கு என்று பட்டியல் உண்டு. 1961ஆம் வருடச் சட்டத்தின் அந்தப் பட்டியலில் டாக்டர், வக்கீல், என்ஜினியர் இருந்தார்கள். சினிமாக் கலைஞர்களுக்குள் கதாசிரியர், வசனகர்த்தா, பாடலாசிரியர், உடை அமைப்பவர்வரை இருந்தார்கள். புத்தகமும் பத்திரிகைக் கட்டுரையும் எழுதுகிறவன் பெயர் சொல்லி இருக்கவில்லை. "ஒரு படத்துக்கு டயலாக் எழுதிடுங்க சார், உங்களுக்கும் சௌகரியம், எனக்கும் சௌகரியம்" என்றார்.

வேலையை விடலாமா என்று கேட்டு எழுதும் இளைஞர்களுக்கு ஒன்றே ஒன்று கண்டிப்பாகச் சொல்வேன். கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் முடிந்ததா என்று பார்ப்பது, பி.எஃப். பணத்தைத் தொடாமல் வைப்பது எல்லாம் நீங்களே செய்துகொள்வீர்கள். மெடிக்கல் இன்ஷூரன்ஸை மறந்துவிடுவீர்கள். கம்பெனி குரூப் பாலிசி, வேலையோடு முடிந்துவிடும். சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருந்தால் புதுப் பாலிசியில் அதற்கு மூன்று வருடம்வரை காத்திருக்கச் சொல்லலாம். சம்பளம் வரும்போதே தனிப் பாலிசி எடுத்துவிடுங்கள். வீட்டுக் கடன் வேண்டுமென்றாலும் அப்போதே. வங்கி மேனேஜர் உங்கள் கதைகளின் வாசகராகவே இருக்கலாம். சம்பள ரசீது இல்லாவிட்டால் இரண்டு மூன்று வருட வரிக்கணக்கைக் கேட்கத்தான் செய்வார்.

விலை பேசுவதை எனக்குச் சொல்லித் தந்தது மாமனார். பங்காருபாளையம் பக்கத்தில் மாந்தோப்பு, எல்லாம் தோத்தாபுரி. நம் ஊரில் கிளிமூக்கு என்போம். 2025 சீசனில் விலை விழுந்தபோது கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. கிலோவுக்கு 12 ரூபாய், அதில் ஆலை 8, அரசு 4 என்று அறிவித்தார்கள். அந்த எட்டே கைக்கு வரவில்லை என்று விவசாயிகள் ரோட்டில் இறங்கினார்கள். மாமனார் வரிசையில் ராத்திரி தூங்கி, வெயிலில் பழுத்த பாரத்தோடு உள்ளே போய், தேதி போடாத சீட்டோடு திரும்பி வந்தார். அன்றைக்கு நான் அச்சகக்காரரைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன். கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"எழுதினதை முழுசா குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன் மாமா."

"அப்புறம் என்ன? சரக்கு கேட்டுக்குள்ள போயிடுச்சுன்னா வெலை அவன் சொல்றதுதான். எனக்காவது மாங்கா அழுகும். உங்களுக்கு என்ன அழுகுது? கையிலே வெச்சுக்க வேண்டியதுதானே."

கார்ப்பரேட்டில் பேச்சுவார்த்தைத் திறன் என்று இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஏ.சி. ஹாலும் பஃபேவும் நினைவிருக்கிறது.

இந்த ஆடியில் போன் வந்தபோது, பாதிப் பணம் முன்னால் வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "என்ன சார், நமக்குள்ள அட்வான்ஸ் எல்லாம்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. கால் பங்கு அனுப்புகிறேன், மீதி புத்தகம் கட்டும்போது என்றார். அன்று சாயங்காலமே கணக்கில் ஏறிவிட்டது. இரண்டு அத்தியாயம் அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது தயார், என்னிடமே இருக்கிறது.