வாட்டம் விட்டால் புறா உட்காராது

கோயில் சுவரின் உச்சியில் வெளியே நீண்டு வளைந்து இறங்கும் கல்லைக் கொடுங்கை என்பார்கள். சிற்ப நூல்களில் அதற்குக் கபோதம் என்றும் பெயர்; வடமொழியில் கபோதம் என்றால் புறா. தமிழிலும் மாடத்தில் குடியிருப்பதால் அது மாடப்புறா. தர்மபுரி கோட்டைக் கோயிலில் அண்ணாந்து பார்த்தால் அந்த வளைவு தெரியும். வழுக்கி இறங்கும் அந்தச் சரிவில் புறாவால் கால் ஊன்ற முடியாது. அதற்கு மேலுள்ள தட்டையான வரியைத்தான் அது தேடும்.

இன்றைய கட்டடங்களில் எல்லாமே தட்டை. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் என எங்கும் சன்ஷேடுகள் பலகை போல நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஆதியில் பாறை இடுக்குகளில் வாழ்ந்த பறவைக்கு சன்ஷேடும் ஒரு பாறை விளிம்புதான். இரண்டு முட்டை, சுமார் பதினெட்டு நாள் அடைகாப்பு, ஒரு மாதத்தில் குஞ்சு பறந்துவிடும். பிறகு மறுபடியும் முட்டை. காய்ந்த எச்சத்தின் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பதால், மருத்துவமனை ஜன்னலுக்கு மேல் புறாக் கூட்டை விட்டுவைப்பது தவறு.

ஆனால் செய்யப்படும் வைத்தியம் பல இடங்களில் நோயைவிடக் கொடியது. ஏனோதானோவென்று கட்டிய நைலான் வலை கிழிந்து, அதில் கால் சிக்கிய புறா எல்லோர் கண்முன்னும் தொங்கிச் சாகிறது. பசை தடவினால் சிட்டுக்குருவியும் ஒட்டிக்கொள்ளும். முள்பட்டையையும் முழுதாக நம்ப முடியாது. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் மேக்பை பறவைகளும் காகங்களும் அந்த முட்களையே பிடுங்கிக் கூடு கட்டியதை ஆய்வாளர்கள் 2023-ல் பதிவு செய்தார்கள்.

கொத்தனார்களுக்குத் தெரிந்த ஒரு சொல்லில் விடை இருக்கிறது: வாட்டம். மழைநீர் ஓட லேசாக விடும் அந்தச் சரிவை, சன்ஷேடின் மேல் 45 பாகையைவிடச் செங்குத்தாகப் பூசிவிட்டால் புறா நிற்காது. கீழிருந்து பார்ப்பவருக்கு அது கட்டடத்தின் அழகாகவே தெரியும். பழைய கட்டடமென்றால், விளிம்புக்குச் சில சென்டிமீட்டர் மேலே மெல்லிய துருப்பிடிக்காத கம்பியை ஸ்பிரிங் வைத்து இழுத்துக் கட்டலாம். அகலமான விளிம்புக்கு இரண்டு மூன்று வரிசை வேண்டும். இறங்கும் புறாவின் கால் தள்ளாடும், காயம் படாது, தெருவிலிருந்து கம்பியும் தெரியாது. ஏசி பெட்டிக்குப் பின்னுள்ள இடுக்கைக் கம்பிவலையால் அடைக்கலாம். கூட்டில் குஞ்சு இருந்தால் அது பறக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் போன்ற இடங்களில் இந்தக் கம்பிகூட வேண்டாம். பழைய ஓவியங்கள் உள்ள மண்டபத்தில் ஆணியோ பசையோ படவே கூடாது. கல்லைத் தொடாமல் தனியாக நிற்கும் வலைச் சட்டங்களே அங்கு பொருத்தம்.

விளிம்பைச் சரிசெய்தால் மட்டும் போதாது; இரை கிடைக்கும்வரை புறாக்கள் பெருகும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பல ஆண்டுகள் புறாக்களைக் கொன்றும் பயனில்லை. 1988-ல் மக்களிடம் பேசி இரை போடுவதைக் குறைத்த பிறகு, நான்கைந்து ஆண்டுகளில் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியானது. மும்பை தாதரில் 2025-ல் புறாக்களுக்கு இரை போடும் இடத்தைத் திடீரென மூடியபோது போராட்டம்தான் வெடித்தது. தர்மபுரியில் அந்த நிலை வருமுன், தானியக் கடை வாசல்களில் சிந்துவதை அன்றாடம் கூட்டச் சொல்லலாம். பொதுப்பணித் துறை அடுத்து வரையும் பள்ளிக் கட்டட வரைபடத்தில் சன்ஷேடுக்குச் சரிவு என்று ஒரு வரி சேர்க்கலாம். கூடுதலாக ஆகப்போவது சில சட்டி கலவைதான்.