கிணற்று நீரும் மலக்குழியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்தால், பழி முழுவதும் கமக்காரர் இடும் யூரியாவின்மேற் சுமத்தப்படுகின்றது. உரம் மிகையாக இடப்படுவது உண்மையே. ஆயினும், அடித்தளமிடாத மலக்குழியினின்று கசியும் அமோனியா மண்ணில் நைத்திரேற்றாக மாறி, சுண்ணக்கல் வெடிப்புக்களின் வழியே கிணற்றை அடைவதை எண்ணுவார் சிலரே. குழியை விடுத்து உரத்தை மட்டும் குறைக்கச் சொல்லுதல் நியாயமன்று. தோட்டக் கிணற்றையும் வளவுக் கிணற்றையும் மாரிக்கு முன்னும் பின்னும் ஒருங்கே சோதிப்பித்தல் வேண்டும். நைத்திரேற்றுடன் மலக்கிருமியுங் காணப்படின் குழியை ஐயுறுக. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதனை மிஞ்சிய நீரிற் கரைத்த பால்மா கைக்குழந்தைக்கு உடல் நீலம்பாரிக்கும் நோயைத் தரக்கூடும். காய்ச்சினால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றச் செறிவே கூடும். குழந்தையுள்ள வீட்டார் சோதனையில் தேறிய வேறு கிணற்று நீரையே கொள்வாராக.