பெரெட்டின் உணவும் கொடைமடமும்

மயில் குளிரால் நடுங்கிற்றென்று கருதித் தன் போர்வையை அதற்கு ஈந்த பேகனது செயலைச் சான்றோர் கொடைமடம் எனப் போற்றினர். பெறும் உயிர்க்கு அப்பொருள் பயன்படுமோ என ஆராயாது ஈந்தமையே அம்மடமாம். அதனால் மயிலுக்குத் தீங்கொன்றும் விளைந்திலது. ஆகலின் அது புகழாயிற்று. உணவின்கண் நிகழும் கொடைமடமோ அத்தகையதன்று. அங்கு ஈவோன் மகிழ்வான். ஏற்கும் உயிர் நோயுறும். பெரெட் என்னும் சிறு விலங்கினை இதற்குச் சான்றாகக் காட்ட விழைகின்றேன்.

நம் நாட்டில் இதனைக் கண்டோர் சிலரே. கீரியைப் போன்று நீண்ட உடலும் குறுங்கால்களும் உடையது இது. முயல் வளைகளுட் புகுந்து முயல்களை வெளியோட்டும் பொருட்டு மேனாட்டார் இதனை நெடுங்காலம் பழக்கி வந்தனர். இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் இன்று இது செல்லப் பிராணியாக இல்லங்களில் வாழ்கின்றது. மருத்துவ நூலாரும் இதற்குக் கடன்பட்டவரே. 1933-ஆம் ஆண்டில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெயிட்லா என்னும் அறிஞர் மூவர் மாந்தரை வாட்டும் இன்புளுயென்சாவின் வைரசை இலண்டனில் முதன்முதல் பிரித்தறிந்தது இவ்விலங்கின் துணையாலன்றோ?

இத்தகைய உயிர்க்கு இங்கிலாந்தில் முன்னாள் பலர் இட்ட உணவு, பாலில் ஊறிய ரொட்டி! பெரெட்டோ முற்றும் ஊனுண்ணும் இயல்பினது. அதன் குடல் மிகக் குறுகியது. பெருங்குடல் தொடக்கத்தில் பிற விலங்குகட்கு அமைந்த குடற்பை அதற்கில்லை. உண்டது ஏறத்தாழ 3 அல்லது 4 மணி நேரத்தில் உடலைவிட்டு நீங்கும். ஆகவே தானியமும் நாரும் அதற்குச் செரியா. ஊனினின்று வரும் புரதம் 100-க்கு 30 முதல் 40 பங்கும், கொழுப்பு 15 முதல் 20 பங்கும் அமைந்த உணவே அதற்கேற்றது. அதனையும் ஒரேவேளையில் இடாது, பகலிரவு பலமுறை சிறிது சிறிதாக உண்ணுமாறு வைத்தல் வேண்டும். தூய நீர் எஞ்ஞான்றும் அருகிருத்தல் வேண்டும்.

“பழவற்றலையும் இனிப்பையும் அது விரும்பி உண்கின்றதே, விரும்புவதை மறுத்தல் கொடுமையன்றோ?” என வினவுவார் உளர். விருப்பம் வேறு, நலம் வேறு. மருந்தை வெறுத்து மண்ணை விரும்பும் குழவிக்குத் தாய் மண்ணையா ஊட்டுவள்? பால் கழிச்சலை உண்டாக்கும். திராட்சை வற்றல், சாக்கொலேட், வெங்காயம், சைலிட்டால் என்னும் செயற்கை இனிப்பு ஆகியன நஞ்சாகவே முடியக்கூடும்.

“புலாலுண்ணாமை எம் அறம், ஆதலின் எம் இல்லத்து விலங்கும் அவ்வாறே உண்க” என்பார் மற்றொரு சாரார். அவர் கொள்கையை யான் பழித்திலேன். ஆயின், நோன்பு தானே விரும்பி ஏற்பது. பிறிதோர் உயிர்மேற் சுமத்தப்படின் அது பட்டினியேயாம். செடிப் புரதம் மிகுந்த உணவால் பெரெட்டின் சிறுநீர்ப்பையிற் கற்கள் உண்டாதல் மருத்துவர் கண்டதொன்று. அத்தகையோர் முயலை வளர்ப்பாராயின், அறமும் பிழையாது, உயிரும் வாடாது.

இனி, இயற்கை உணவென்று பச்சையூனை ஆராயாது இடுதலும் நன்றன்று. அதன்கண் சால்மொனெல்லா முதலிய கிருமிகள் இருத்தல் கூடும். 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில், பறவைக் காய்ச்சல் வைரசு கலந்த பச்சையுணவை உண்ட வீட்டுப் பூனையொன்று இறந்தது. இன்புளுயென்சா எளிதிற் பற்றும் பெரெட்டுக்கு இவ்வச்சம் சிறிதன்று. ஆதலின் பெரெட்டுக்கென்றே அளவறிந்து செய்த உலருணவைக் கொடுத்தலே பெரும்பாலார்க்குத் தக்க வழியென்பது என் கருத்து. உணவை மாற்ற நேரின் சில நாட்களிற் படிப்படியாக மாற்றுக.

பெரெட் இல்லாத நமக்கு இவ்வுரை எதற்கு எனின், நம் அடுக்களைப் பூனையை நோக்குக. அதுவும் ஊனுண்ணியே. டாரின் என்னும் சத்துக் குறையின் அதன் விழித்திரை கெடும் என 1975-ஆம் ஆண்டிலும், இதயம் நலியும் என 1987-ஆம் ஆண்டிலும் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அச்சத்து ஊனிலும் மீனிலும் உண்டு. நாம் அன்போடு இடும் தயிர்ச்சோற்றில் அதற்குப் போதுமான அளவு இல்லை.

வாய் பேசா உயிரை இல்லத்திற் கொணர்ந்த அன்றே, அதன் உணவைத் தேடும் உரிமையை நாம் பறித்துக்கொண்டோம். பறித்ததற்கு ஈடாக, அதன் இயல்பைக் கற்றறிந்து ஊட்டுதல் நம் கடன். அது நாம் தரும் கொடையன்று. நாம் தீர்க்கவேண்டிய கடனே என்று தெளிவோமாக.